பினாங்குக்கு ஒரு பீப்பாய்த் தண்ணீர்

1955, ஆவணி 11
காலையில் தூறல், பிறகு வெயில். ஜெகதாப்பட்டினக் கரையில் என் கப்பலுக்குப் பெயர் சூட்டு விழா. நீளம் பதினெட்டு அடி. ஒரு துரை சீமைக்குப் போகும்போது விட்டுப்போன உல்லாசப் பாய்ப்படகு. பெயர்: ஏழுகடல் அடக்கி. வந்திருந்தோர்: நான், படகு தச்சன் சூசை, ஒரு நாய். நாய் மட்டும் கப்பலைச் சுற்றிவந்து, காலைத் தூக்கி மரியாதை செய்தது.

போகுமிடம் பினாங்கு. இருபத்தைந்து நாள். திமிங்கிலம் வழிமறித்தால் இருபத்தாறு.

கொண்டுபோக: அரிசி ஒரு மூடை. கருவாடு. சுக்கு. திசைகாட்டி (இல்லை). பாய் (கிழிசல்). தண்ணீர்ப் பீப்பாய். தைரியம் (சூசையிடம் இரவல்).

சூசை: "நீங்க அரிமளத்துக்காரவுக. பஸ்ஸுலயே வாந்தி எடுக்கிற ஆளு. கடல்ல என்ன செய்வீங்க?"

"என்னையப் பாத்துக் கடலு வாந்தி எடுக்கும், போடா."

ஆவணி 14
புழுக்கம். இங்கே மட்டும் உண்மை எழுதலாம். நான் போகப்போவதில்லை.

இந்த ஊரில் வாழ்க்கைப்பட்ட தங்கை பார்வதியின் புருஷன், என் மச்சான், வெங்காயம் ஏற்றிய தோணியில் பினாங்கு போய் மூன்று வருஷம். தோணியும் வரவில்லை, கடுதாசியும் இல்லை. மச்சானின் அண்ணன் மகளுக்கு நிச்சயமாகி நிற்கிறது. மச்சானைச் செத்தவராகக் கொண்டு காரியம் செய்யாமல் அந்த வீட்டில் கல்யாணப் பந்தல் போடக்கூடாதாம். காரியம் என்றால் பார்வதி தாலி கழற்ற வேண்டும். அன்றைக்குக் கோடிச் சீலை பிறந்த வீட்டிலிருந்து வரவேண்டும். பிறந்த வீடு என்பது இப்போது நான் ஒருத்தன்.

ஆடியில் எல்லோரும் கூடிப் பேசியபோது எழுந்து நின்றேன். "நானே போய்ப் பாத்துட்டு வாரேன்! அதுவரைக்கும் ஒருத்தரும் அவ கழுத்தத் தொடப்படாது!" முழங்கிய முழக்கத்தில் கூரை ஓடு நாலு கழன்றது.

தெற்கேயிருந்து சோளகக் காற்று அடிக்கும்வரைதான் பினாங்குப் பயணம். ஐப்பசியில் வாடை திரும்பிவிட்டால் அடுத்த வருஷம்தான். அவளுக்கு ஒரு வருஷம் மிச்சம். திட்டம் அவ்வளவே.

ஆவணி 27
வெயில். பாஸ்போர்ட் மனு அனுப்பியாயிற்று என்று சொல்லிவிட்டேன். (சட்டைப்பையில் இருக்கிறது.)

பார்வதி நல்ல தண்ணீர்க் கிணற்றிலிருந்து குடம் குடமாகக் கொண்டுவந்து, கப்பலோரம் மணலில் நிற்கும் பீப்பாயை நிரப்புகிறாள். முப்பது குடம் பிடிக்கும். கிணறு அரை மைல். வேண்டாமென்றேன்.

"வழியில தாகத்துக்கு வேணுமுல்லண்ணே. திரும்பி வாரப்ப ரெண்டு பேரு."

சாயங்காலம் அவள் போனதும் பீப்பாயின் அடியிலுள்ள அடைப்பானைத் தளர்த்திவிட்டேன். ஒழுகும் பீப்பாயோடு யார் கடலில் இறங்குவார்? நல்ல சாக்கு.

புரட்டாசி 9
வானம் மப்பு. பார்வதி ஒரு சட்டை தைத்துக் கொண்டுவந்தாள். "அவுகளுக்கு. மெலிஞ்சிருப்பாக. தோளக் கொஞ்சம் கொறச்சுத் தச்சிருக்கேன்."

வாங்கிக்கொண்டேன். அண்டசராசரத்திலும் என்னைவிடப் பெரிய அயோக்கியன் இல்லை. இது மிகையில்லை.

புரட்டாசி 22
சோளகம் ஓய்கிறது. மச்சானின் அண்ணன் தன் மகளோடு கரைக்கு வந்தார்.

"என்ன மாப்புள, கப்பல் எப்பக் கெளம்புது?"

"பீப்பா ஒழுகுது."

"ஒரு மாசமா ஒழுகுதா? இந்நேரம் ஊருக்குள்ள வெள்ளம் வந்திருக்கணுமே."

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. தைக்கு மேல் மாப்பிள்ளை வீட்டார் பொறுக்கமாட்டார்களாம். வேறு பெண் பார்ப்பார்களாம். அந்தப் பெண்ணோ, பார்வதி கையிலிருந்த ஒரு குடத்தை வாங்கித் தானும் தண்ணீருக்குப் போனாள்.

இன்றும் தளர்த்தினேன்.

ஐப்பசி 3
விடியும்போதே வாடை. வடக்கேயிருந்து நல்ல குளிர். சோளகம் செத்தது. திட்டம் வென்றது. பீரங்கி இருந்திருந்தால் இருபத்தொரு குண்டு போட்டிருப்பேன்.

பார்வதி குடத்தோடு வந்தாள். "இனி அடுத்த வருஷந்தான் தாயி," என்றேன், முகத்தைத் தொங்கப்போட்டு.

குடத்தை ஊற்றி முடித்துவிட்டுச் சொன்னாள்: "அடப்பானத் தெனம் நீங்கதான் தளத்துறீங்க. தெரியும்ணே. கீழ மணலு ஈரமாக் கெடக்கும். மொத நாளே தெரியும்."

"தெரிஞ்சும் எதுக்குத் தூக்குன?"

"நீங்க தளத்துற வரைக்கும் நானும் தூக்கலாம்னுதான்."

பிறகு, "அந்தப் புள்ளையும் வந்து தூக்குச்சு பாத்தீங்களா. என்னால அது கல்யாணம் நிக்குதேன்னு அன்னைக்கே மனசு கேக்கல. மூத்தவுககிட்ட காரியத்துக்கு நாள் பாக்கச் சொல்லிட்டேன்."

ஈர மணலைக் காலால் மூடினேன்.

போகும்போது திரும்பி, "இந்தத் தண்ணிய விட்டுறாதீங்க. அன்னைக்கு என் தலைக்கு ஊத்த ஆகும்."

ஐப்பசி 4
மழை வரும்போல. வாங்க: கோடிச் சீலை ஒன்று (மீமிசல் கடை). வேறில்லை.

சூசையிடம் கொட்டாப்புளி கேட்டேன். எதற்கென்று கேட்காமல் கொடுத்தான். அந்த மரச்சுத்தியால் அடைப்பானை இறுக்கி அடித்தேன். சாயங்காலம் போய்ப் பார்த்தேன். மணல் காய்ந்து கிடந்தது. ஏழுகடல் அடக்கியின் பீப்பாயில் ஒரு சொட்டு ஒழுகவில்லை.