ஒரே நீளத்தில் இரண்டு எக்ஸல்

அண்ணா,

எழும்பியதும் ஜீப்புக்குக் கீழே போய்ப் படுக்காதே. நேற்று நீ வாங்கி வந்த பின்சில்லு எக்ஸல் இரண்டும் ஒரே நீளம். சுனாமி நேரம் சாமான் ஏற்றிய இந்தப் பழைய ஜீப்புக்கு இடப்பக்கம் நீளம், வலப்பக்கம் கட்டை. கழற்றும்போது விளக்குப் பிடித்தவள் நான்தானே.

ஏறாவூரில் உதிரிப்பாகக் கடைக்கார ஹில்மி நானா, "பழசக் கொண்டந்தீங்களா தம்பி?" என்று கேட்டார். நான் உன் சட்டையை இழுத்தேன். "சோடி எண்டா ஒரேமாதிரித்தான் இருக்கணும். பள்ளிக்கூடம் விட்டவ, நீ சும்மா இரு" என்றாய், அத்தனை பேருக்கு முன்னால். மாட்டுச் சோடியா வாங்கப் போனாய்?

மீளக்குடியேறி முதன்முதல் விதைத்த நெல், வெட்டியபடி வட்டை வயலில் கிடக்கிறது. வானமும் கறுக்கிறது. இன்று ஜீப்பில் ஏற்றாவிட்டால் அங்கேயே முளைத்துவிடும்.

அதனால் புதியதில் ஒன்றையும் உடைந்த பழைய கட்டை எக்ஸலையும் சாக்கில் சுற்றிக்கொண்டு ஏறாவூர் பஸ்ஸுக்குப் போகிறேன். மாற்றிக்கொண்டுதான் வருவேன். மற்றது இடப்பக்கத்துக்கு நீளம் சரி, அதைப் பூட்டி வை.

புட்டு சட்டியில் இருக்கிறது. மீன் குழம்பைச் சூடாக்கு. கதவைப் பூட்டும் திறப்பு குடத்தடியில்.

நிரோஜினி

கோபம் இன்னும் போகவில்லை. பெரிய மீன் துண்டு உனக்குத்தான்.

ஆட்கள் நின்றால் எனக்கு வாய் வராது என்று உனக்குத் தெரியும். வராவிட்டால் இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைப்பேன். ஹில்மி நானாவுக்குக் கண் இருக்கிறது.