வேலியோரத்துப் பூவரசு

கூடுவாஞ்சேரி
9-10-2005

அன்புள்ள ஹரிக்கு, அம்மா எழுதுவது. எனக்கு முழங்கால் பழையபடிதான், மற்றபடி ஒன்றுமில்லை. நீயும் பிரதீபாவும் குழந்தையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

முதலில் ஒன்றைத் திருத்த வேண்டும். பக்கத்து வீட்டுக் கிருபாகரனை நான் போலீஸ் ஸ்டேஷனுக்கு இழுத்தேன் என்று உன் அக்கா ஸ்ரீதேவி உனக்குப் போனில் சொன்னாளாம். இழுக்கவில்லை. புகார் கொடுத்தது அவர், கூப்பிட்டார்கள், போனேன். போன மாதக் காற்றில் வேலியோரத்துப் பூவரசின் கிளை முறிந்து அவருடைய முள்கம்பி வேலிமேல் விழுந்தது, கல் கம்பங்கள் உடைந்துவிட்டன. மரமும் இப்போது அவர்கள் சமையலறைப் பக்கம் சாய்ந்து நிற்கிறது. அவர் மனைவி ரெஜினா ஸ்டேஷன் வாசலிலேயே, "கம்பம் ஒடஞ்சா மாத்திக்கலாம், எம் பொண்ணு தலையில வுழுந்தா இன்னாம்மா பண்ணுவ? வெட்டவும் வுட மாட்ற, சட்டம் மட்டும் இங்கிலீஷ்ல பேசிகினு கீற" என்றாள். இன்ஸ்பெக்டர் சிரித்துக்கொண்டே, மரத்தையா இட்டாந்து விசாரிக்க முடியும், நீங்களே பேசித் தீர்த்துக்குங்கம்மா என்று அனுப்பிவிட்டார். கம்பங்களை அடுத்த வாரமே மாற்றிக் கொடுத்துவிட்டேன். ஆனாலும் வெட்ட விடாதவள் நான்தான் என்று தெருவே பேசுகிறது.

அப்பா நட்ட மரம், தொடாதீங்க என்று தோஹாவிலிருந்து சொன்னது நீ. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. பிள்ளையைக் கைகாட்டித் தப்பிப்பது என் வழக்கமில்லை. ஆனால் அலுத்துவிட்டது, ஹரி. உள்ளதைச் சொல்கிறேன், அப்பா மரம் எதுவும் நடவில்லை. அந்தக் காலத்தில் நம் வேலிக்கு ஊன்றிய பச்சைக் கம்பு அது. துளிர்த்துக்கொண்டது. பிடுங்க வேண்டும் என்று சொல்லிச் சொல்லியே விட்டுவிட்டார். நம் கம்பு என்பதால் மரமும் நம்முடையதுதான் என்கிறார் செங்கல்பட்டு வக்கீல் பக்தவத்சலம். ஆபத்து என்று கிருபாகரன் எழுத்தில் தெரிவித்த பிறகும் நாம் சும்மா இருந்தால், நேர்வதற்கெல்லாம் நாம்தான் பொறுப்பாம். பட்டா உன் பெயரில் இருப்பதால் உன் சம்மதம் இல்லாமல் நானும் மரத்தை வெட்டக் கூடாது என்கிறார். மழை தொடங்கிவிட்டது. காற்று எழும்பும்போதெல்லாம் ரெஜினா அடுப்பை அணைத்துவிட்டுப் பெண்ணைத் தூக்கிக்கொண்டு முன்னறைக்கு ஓடுவது என் ஜன்னலில் தெரிகிறது.

வெயிலில் அலையாதே, குழந்தைக்குத் தமிழ் எழுதப் பழக்கு. உங்கள் மூவருக்கும் என் ஆசிகள் எப்போதும் உண்டு. வெட்டலாமா கூடாதா என்று தெளிவாக எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்பு. எதை எழுதினாலும் அதை அப்படியே கிருபாகரனிடம் காட்டுவேன். போனில் சொல்ல வேண்டாம், கடிதமாகவே பதில் எழுது.

இப்படிக்கு,
உன் அம்மா
ஜெகதாம்பாள்