மேடம், உப்பு பாருங்க

மார்ச் 3, செவ்வாய்

இன்றைய தட்டு: சோறு, பருப்பு, வதக்கிய பீன்ஸ், பாதி முட்டை. ஏழு ஐம்பதுக்குப் படம் எடுத்துத் தோழிகள் குழுவில் போட்டுவிட்டேன். வக்கீல் உடனே எழுதினாள்: “உன் கைக்கு மோதிரம்தான் போடணும்.” ஒல்லி மூன்று இதயம் அனுப்பினாள். நர்ஸ் தன் தட்டைப் போட்டிருந்தாள். ரொட்டி, ஒரு முட்டை, அவ்வளவுதான்.

“என்ன சொன்னாங்க?” என்று இவர் சமையலறையிலிருந்தே கேட்டார். தினமும் கேட்பார்.

“கைக்கு மோதிரம் போடணுமாம்,” என்றேன். யார் கைக்கு என்று சொல்லவில்லை. அவர் தன் கையைத் திருப்பிப் பார்த்துச் சிரித்துக்கொண்டார். விரல் நுனியெல்லாம் பீன்ஸ் பச்சை.

அதைப் பார்த்த பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. இறங்கவில்லை என்று சொல்லிக்கொண்டே இரண்டாம் முறையும் போட்டுக்கொண்டேன். அப்படிப்பட்டவள் நான்.

மார்ச் 5, வியாழன்

எழுதினாலாவது தெளிகிறதா பார்ப்போம்.

நாங்கள் நான்கு பேரும் ஹாஸ்டலில் ஒரே அறை. இப்போது ஆளுக்கொரு ஊர். போன வருடம் நர்ஸ் டியூட்டியில் மயங்கி விழுந்தாள். புருஷன் விட்டுப்போனதிலிருந்து ராத்திரி சாப்பாடே கிடையாதாம். ஒரு ஆளுக்கு எதுக்கு அடுப்பு என்று இருந்திருக்கிறாள். வக்கீல்தான் ‘தட்டு’ என்று குழு ஆரம்பித்தாள். சட்டம் ஒன்றே ஒன்று: எட்டு மணிக்குள் அவரவர் தட்டு வந்தாக வேண்டும், இருப்பது இருக்கிறபடி. நாங்கள் மூவரும் அவளோடு உட்கார்ந்து சாப்பிடுவதாக ஏற்பாடு.

அந்தக் குழுவில்தான் நான் எட்டு மாதமாகப் பொய் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இவர் பாட்டில் தொழிற்சாலையில் இருந்தார். பதினாறு வருடம் பாட்டிலை விளக்குக்கு எதிரே தூக்கிப் பிடித்துக் கீறல் உண்டா, குமிழி உண்டா என்று பார்ப்பதுதான் வேலை. தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். வேறு எங்கும் கிடைக்கவில்லை. அதுவரை வெந்நீர் வைக்கத் தெரியாத மனிதர் மெல்லச் சமையலறைக்குள் போனார். இப்போது தட்டையும் விளக்கடியில் ஒரு முறை பிடித்துப் பார்த்து, ஓரத்தில் சிந்தியதைத் துணியால் துடைத்து, “ம், எடு” என்பார். அதற்குப் பிறகுதான் நான் படம் எடுக்கலாம். தன் சமையல் என்று அவர்களுக்குத் தெரியும் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

முதல் பொய் சின்னது. “நீயா செஞ்ச?” என்று ஒல்லி கேட்டாள். ஒரு கட்டைவிரலைத் தட்டிவிட்டேன். இரண்டாவது பெரியது. “அவர் எப்படி இருக்கார்?” என்று வக்கீல் கேட்டாள். வெளிநாட்டில் ஒரு வருஷ வேலை என்று எழுதினேன்.

ஏன் அப்படி எழுதினேன் என்று தெரியவில்லை. தெரியும். ‘வீட்ல இருக்கார்’ — இந்த இரண்டு வார்த்தை வரவில்லை. ஒல்லியின் புருஷனுக்கு ஆபீசில் தனி அறை. வக்கீலின் புருஷனும் வக்கீல்.

பல் ஆஸ்பத்திரியின் முன்மேசையில் உட்கார்ந்து, டாக்டர் போர்வைக்குள் இருக்கும்போதே “கிளம்பிட்டாங்க, வந்துட்டே இருக்காங்க” என்று நாளுக்குப் பத்து பேரிடம் சொல்கிறவள் நான். எனக்கு இதெல்லாம் தண்ணி பட்ட பாடு.

மார்ச் 6, வெள்ளி

நர்ஸ் எழுதியிருக்கிறாள்: “உன் தட்டைப் பாத்துட்டுதான் நான் அடுப்பே பத்த வைக்கிறேன்.” இதை மட்டும் அவருக்குப் படித்துக் காட்டவில்லை.

மார்ச் 8, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

மாதத்தில் இரண்டு ஞாயிறு முகம் பார்த்துப் பேசுவோம். அந்த நேரத்தில் இவர் மகளை நீச்சல் வகுப்பிலிருந்து அழைத்துவரப் போயிருப்பார். நானாகப் பார்த்து வைத்த நேரம்தான் அது. இன்று வகுப்பு சீக்கிரம் முடிந்துவிட்டது. நான் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு கூடத்தில் பேசிக்கொண்டிருந்தேன். இவர்கள் வந்ததும் தெரியவில்லை, சூப் கொதித்ததும் தெரியவில்லை.

“பின்னாடி யாருடி அது?” என்றாள் ஒல்லி.

திரும்பினேன். தோளில் துண்டு, கையில் கரண்டியோடு நிற்கிறார். என் கல்யாணத்துக்கு மூவராலும் வர முடியவில்லை. படத்தில் பார்த்ததோடு சரி. அதில் அவருக்குத் தலை நிறைய முடி.

“அவர்தான்” என்று சொல்லியிருந்தால் முடிந்தது. என் வாய் தானாகத் திறந்தது. அதே முன்மேசைக் குரல்.

“அதுவா... சமையலுக்கு ஆள் வெச்சிருக்கோம்.”

“அடிப்பாவி, அப்போ இத்தனை நாள் நீ போட்ட தட்டு?” என்றாள் வக்கீல்.

“ஐயோ இல்லடி, இந்த வாரம்தான். எனக்கு இடுப்பு வலி.”

பொய் அங்கேயே குட்டி போட்டது. அவர் அப்படியே நின்றார். சூப் சொட்டித் தரையில் விழுந்தது. பிறகு இரண்டு எட்டு முன்னால் வந்தார். லேசாகக் குனிந்தார்.

“மேடம், உப்பு பாருங்க.”

கரண்டியை நீட்டினார். நான் வாங்கினேன். வாங்கி, ருசி பார்த்து, “சரியா இருக்கு” என்று வேறு சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு உள்ளே போனார். “ரொம்ப மரியாதையான ஆளா இருக்காரே, எங்கடி பிடிச்ச?” என்று ஒல்லி கேட்டாள்.

அறை வாசலில் தலை ஈரத்தோடு மகள் நின்றுகொண்டிருந்தாள். எப்போதிலிருந்து நின்றாள் என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

மார்ச் 9, திங்கள்

மேசையில் இரண்டு தட்டு மட்டும். எனக்கும் மகளுக்கும்.

“நீங்க?” என்றேன்.

“நீங்க சாப்பிடுங்க. நான் அப்புறம் பாத்துக்கறேன்.”

பதினைந்து வருடமாக ‘நீ’, கோபம் வந்தால் ‘ஏய்’. இன்று ‘நீங்க’. சமையலறையில் நின்றபடியே சாப்பிட்டார். சட்டியைச் சுரண்டும் சத்தம் கேட்டது. கத்தித் தொலைத்திருந்தால் பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன், அழுதிருப்பேன், ஏதாவது ஒன்று ஆகியிருக்கும்.

மார்ச் 10, செவ்வாய்

படம் போடவில்லை. வக்கீல் கேட்கிறாள்: “என்ன, சமையல்காரர் லீவா?”

மார்ச் 12, வியாழன்

மன்னிப்புக் கேட்டேன். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார், குழாயை நிறுத்தவில்லை.

“எதுக்கு மன்னிப்பு? நீங்க பொய் ஒண்ணும் சொல்லலையே. சமைக்கிறேன். ஆளும்தான்.”

“அப்படிப் பேசாதீங்க.”

“வேற எப்படிப் பேசணும்னு சொல்லுங்க, பேசிடறேன்.”

எனக்குக் கோபம் வந்தது. வெட்கம் அதிகமானால் எனக்குக் கோபமாகத்தான் வரும். காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் நான்தானே ஓடறேன், ஒரு வார்த்தை வாய் தவறி வந்துச்சுன்னா அதுக்கு இவ்வளவா — இதையெல்லாம் வாய்வரை கொண்டுவந்து விழுங்கினேன். விழுங்கியதுதான் இந்த வாரம் நான் செய்த ஒரே நல்ல காரியம்.

இதில் என்ன கேவலம் என்றால், அவரைப் பார்த்து எனக்கு வெட்கமாக இருந்தது நிஜம். அவர் சமைத்ததை அவருக்குத் தெரியாமல் என் சமையலாக ஊருக்குக் காட்டிப் பாராட்டு வாங்கியபோது அந்த வெட்கம் எங்கே போயிருந்தது?

மார்ச் 14, சனி

மகளுக்குப் பன்னிரண்டு வயது. நாக்கு என்னுடையது. காலையில் ஷூ மாட்டிக்கொண்டே கேட்டாள்:

“நாளைக்கு என் ஃப்ரெண்ட் நம்ம வீட்டுக்கு வராம்மா. அப்பாவை அப்பான்னே சொல்லலாம்ல?”

கிண்டலா, உண்மையிலேயே கேட்கிறாளா என்று முகத்தைப் பார்த்தேன். உண்மையிலேயே கேட்கிறாள்.

மார்ச் 15, ஞாயிறு

மூவரையும் கூப்பிட்டேன். முதலில் அவரிடம் போய், “நீங்களும் கூட இருங்க, சொல்லிடப் போறேன்” என்றேன். “எனக்கு வெளிய கொஞ்சம் வேலை இருக்கு” என்று செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை அவருக்கு என்ன வேலை? என் முகத்தைப் பார்க்காமல் இருப்பதுதான் வேலை.

எல்லாவற்றையும் சொன்னேன். வெளிநாடு, எட்டு மாதம், கரண்டி. கரண்டி வந்த இடத்தில் ஒல்லி வாயைப் பொத்திக்கொண்டாள்.

வக்கீல்தான் திட்டினாள். “அவருக்கு வேலை போச்சுன்னா நாங்க என்னடி கை தட்டிச் சிரிச்சிருப்போமா? எங்களைப் பத்தி இவ்வளவுதானா நீ நினைச்சது?” திட்டட்டும், திட்டு வாங்கத்தான் உட்கார்ந்திருந்தேன்.

நர்ஸ் திட்டவில்லை. “எனக்குத் தினமும் அந்த ரொட்டியைப் போடவே கூச்சமா இருக்கும்டி,” என்றாள். “உன் தட்டு அவ்வளவு அழகா இருக்கும். அப்புறம், இருக்கறது இருக்கறபடின்னுதானே பேச்சு, இவங்ககிட்ட என்ன கூச்சம்னு போட்டுடுவேன். நீயும் அப்படித்தான் போடறேன்னு நினைச்சேன்.”

ஒல்லிதான் ஏதோ சொல்லிப் பேச்சை முடித்துவைத்தாள். சொல்லிவிட்டால் பாரம் குறையும் என்பார்களே, எனக்கு ஒன்றும் குறையவில்லை.

மார்ச் 16, திங்கள்

“அவங்ககிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன்,” என்றேன்.

“நல்லது.” துணி மடித்துக்கொண்டிருந்தார். ஒரு சட்டையை முழுதாக மடித்து முடித்த பிறகு கேட்டார்: “ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. ஆள்னு சொன்னது வாய் தவறி வந்திருக்கும். விடுங்க. நான் நீட்டினதும் அந்தக் கரண்டியை ஏன் வாங்கினீங்க?”

நான் தடுக்க வேண்டும் என்றுதான் நீட்டியிருக்கிறார். ‘போதும், விளையாடாதீங்க’ என்று நான் ஒரு வார்த்தை சொல்லுவேன் என்று. எனக்கு அப்போது தோன்றவே இல்லை. வாங்கினேன், குடித்தேன்.

மடித்த சட்டையை எடுத்துக்கொண்டுபோய் அலமாரியில் வைத்தேன்.

மார்ச் 19, வியாழன்

இன்றும் இரண்டு தட்டு.

மார்ச் 24, செவ்வாய்

மதியம் ஆஸ்பத்திரியில் என் போனுக்கு ஒரு அழைப்பு. ஒரு கம்பெனி கேன்டீனின் மேனேஜராம். ஒருவர் சமையல் வேலைக்கு மனு போட்டிருக்கிறாராம். முன் அனுபவம் என்ற இடத்தில் ‘தனியார் வீடு ஒன்றில் எட்டு மாதம்’ என்று எழுதி, விசாரிக்க என் நம்பரைக் கொடுத்திருக்கிறாராம்.

“உங்க வீட்லதான் சமையலுக்கு இருந்தாருங்களா மேடம்?”

எதிரே வீங்கிய கன்னத்தோடு இரண்டு பேர் காத்திருந்தார்கள். என்னைப் பழிவாங்கத்தான் நம்பரைக் கொடுத்தாரா? இல்லை, கொடுக்க வேறு நம்பர் இல்லையா? ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் அவருக்கு வேலை கிடைக்கும். அந்த ஒரு வார்த்தை எனக்கு எவ்வளவு சுலபம் என்பதுதான் பயமாக இருந்தது.

“அவர் என் வீட்டுக்காரர்ங்க,” என்றேன். “வேலை போனதிலிருந்து வீட்ல அவர்தான் சமைக்கிறார். நல்லா சமைப்பார். ஆனா நாங்க வேலைக்கு வெச்ச ஆள் இல்ல.”

“சொந்தக்காரங்க சொல்றதை எடுத்துக்க முடியாதுங்களே மேடம்,” என்று மேனேஜர் வைத்துவிட்டார்.

வாய்ப்பையும் கெடுத்துவிட்டேன் போலிருக்கிறது. உண்மை சொல்வதற்கும் ஒரு பழக்கம் வேண்டும்.

மார்ச் 25, புதன்

நேற்று போனில் சொன்னதை அவரிடம் சொன்னேன். “கேன்டீன்காரங்களே கூப்பிட்டுச் சொன்னாங்க,” என்றார். “விசாரிக்கறதுக்குப் பதிலா ஒரு நாள் வந்து சமைச்சுக் காட்டச் சொல்லியிருக்காங்க.”

மார்ச் 30, திங்கள்

இருநூறு பேருக்குச் சமைத்துக் காட்டிவிட்டு வந்திருக்கிறார். முழங்கையில் சூடு பட்ட தடம். மருந்து போடப் போனேன், தானே போட்டுக்கொண்டார்.

ஏப்ரல் 2, வியாழன்

வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். விடியற்காலையிலேயே கிளம்பிவிட்டார். இன்றைய தட்டு என் சமையல்: குழைந்த சோறு, அடிப்பிடித்த பருப்பு. போட்டேன். நர்ஸ் மட்டும், “இது உன்னோடதுதான், பாத்தாலே தெரியுது” என்று எழுதினாள். அவள் எழுதியதே பெரிது.

ஏப்ரல் 9, வியாழன்

கண்ணாடியை மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டார். அது இல்லாமல் அவரால் அளவுக் கரண்டியில் கோடு பார்க்க முடியாது. ஒரு மணிநேரம் அனுமதி கேட்டுக்கொண்டு போனேன்.

கேன்டீனின் பின்வாசல் வழியாகத்தான் உள்ளே விட்டார்கள். என்னை விட உயரமான பாத்திரங்கள், ஆவி, தரையெல்லாம் தண்ணீர். வெள்ளைத் தொப்பி போட்டுக்கொண்டு அவர் யாரிடமோ அடுப்பைக் குறைக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் அந்தக் குரலைக் கேட்டு வெகு நாளாகிவிட்டது. பாட்டில் தொழிற்சாலையில் இருந்தபோது இருந்த குரல்.

வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த ஒரு பெண் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

“யாருண்ணே இவங்க?”

அவர் திரும்பினார். கண்ணாடி என் கையில் இருந்தது. அவர் என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். பழைய முதலாளியம்மா என்று சொல்லலாம். யாரோ தெரியாது என்று சொல்லலாம். எது சொன்னாலும் ஆமாம் என்று தலையாட்டுவது என்று நின்றேன்.

“என் வீட்டுக்காரி,” என்றார். கண்ணாடியை வாங்கித் துண்டில் துடைத்துப் போட்டுக்கொண்டார். “பல் ஆஸ்பத்திரில இருக்கா. உனக்குக் கடவாப்பல் வலின்னியே, இவகிட்ட சொல்லு. சீக்கிரம் பாக்க வெப்பா.”

சொல்லிவிட்டு அடுப்புப் பக்கம் போய்விட்டார். நான் அந்தப் பெண்ணிடம் எந்தப் பக்கம், எத்தனை நாளாக என்று கேட்டேன். நடுவில் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். வெங்காயம் என்று அவள் நினைத்திருப்பாள். நாளை பதினொன்றரைக்கு வரச் சொல்லியிருக்கிறேன். டாக்டர் வரப் பன்னிரண்டாகும் என்பதையும் சொல்லிவிட்டேன்.