கயிற்றின் மறுமுனை

மச்சான்,

கடிதத்தைப் பிரித்துப் பார்க்கும் துரையின் கிளாக்கருக்கு விளங்கக்கூடாது என்றுதான் தமிழை அறபு எழுத்தில், அறபுத் தமிழில் எழுதுகிறேன்.

நேற்று என் தம்பி செய்யது மட்டும் நம் ஊர் அரிப்புக்கு வந்து சேர்ந்தான். "மச்சான் சுகமா இருக்கிறார்" என்றான். ஆனால் அவனுக்குச் சோறு இறங்கவில்லை. பிறகுதான் சொன்னான்.

முன்பு வௌவால் எரு அள்ளிய அந்த மலைக்குகைக்குத் துரை படி வெட்டி, இரும்புக் கதவு போட்டு, வெள்ளைக்காரருக்கு டிக்கெட் விற்கிறாராம். உள்ளே இருக்கும் குழிக்குள் நீங்கள் பந்தத்தோடு இறங்குவதுதான் வேடிக்கையாம். ஒருநாள் குழியின் அடியில் காற்றில்லாமல் பந்தம் அணைந்தது, மேலே இழுக்கச் சொல்லி நீங்கள் கயிற்றை ஆட்டினீர்கள்.

"துரை என்ட கையைப் பிடிச்சிட்டார், ராத்தா. துரைசாணிமார் இன்னும் பாத்து முடியேல்லையாம். நான் அவரைத் தள்ளிப்போட்டு இழுத்தனான்."

அதற்காக அவனை விரட்டிவிட்டார்கள். நீங்கள் ஏன் அங்கேயே நின்றீர்கள் என்று நான் கேட்கவில்லை.

இந்தக் கடலில் முத்துக் குளித்த காலமெல்லாம் உங்கள் கயிற்றை அவன்தான் பிடித்தான். மனைவியின் தம்பியைத் தவிர வேறு யாரிடமும் நம் ஆட்கள் கயிறு கொடுப்பதில்லை. தன் ராத்தா விதவையாகி நாலு மாதம் பத்து நாள் மறைவில் இத்தா இருக்க அவன் விடமாட்டான்.

அந்தக் கயிற்றை அவன் கையோடு கொண்டுவந்துவிட்டான். அது இல்லாமல் நீங்கள் இறங்கமாட்டீர்கள் என்று நம்புகிறான். எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. துரை வேறு கயிறு வாங்குவார். அதைப் பிடிக்க அங்கே எனக்குக் கூடப்பிறந்தவன் யாரும் இல்லை.

இத்தா இருக்க மனமில்லாத,
உங்கள் பெண்சாதி