பச்சை மையில் ஏழு கையெழுத்து

மார்ச் 3, திங்கள்

புதுப் பச்சை வந்திருக்கிறது. முதலாளி பெட்டியைப் பிரித்ததும் ஒரு பாட்டிலை என் மேசைக்குத் தள்ளினார். எங்கள் பேனாக் கடைக்கு எந்த மை வந்தாலும் முதலில் நான்தான் எழுதிப் பார்த்து அட்டை போடவேண்டும்: நிறம், ஓட்டம், காயும் நேரம், தண்ணீர் பட்டால் என்ன ஆகும்.

ஈரத்தில் வெங்காயத்தாள் நிறம். காய்ந்தபின் பாசி. கோடு முடியும் இடத்தில் மை தேங்கி, ஓரம் மட்டும் கருக்கிறது. அழகாக இருக்கிறது. அழகு என்று கை எழுதுகிறது, உள்ளே ஒன்றும் அசையவில்லை.

மார்ச் 4

காய இருபத்தெட்டு நொடி. சோம்பேறி மை. இடக்கைக்காரர்களுக்கு ஆகாது.

மார்ச் 6

அக்கா போனில். "சாப்பிட்டியா, தூங்கினியா, அழுதியா?" மூன்றையும் ஒரே மூச்சில் கேட்டாள். முதல் இரண்டுக்கு ஆமாம் சொன்னேன்.

வீட்டுக்காரர் பெட்டியோடு தன் தம்பி வீட்டுக்குப் போய் ஏழு வாரம் ஆகிறது. பன்னிரண்டு வருஷக் கல்யாணம். பெரிய சண்டை என்று ஒன்று நடந்திருந்தால் அக்காவுக்காவது விளக்கிச் சொல்லலாம். பேச்சு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து நின்றுபோனது, அவ்வளவுதான். பிரிந்துவிடலாமா என்று அவர் கேட்டபோது "சரி" என்றேன். ஃபேனை அணைக்கட்டுமா என்று கேட்டால் சொல்கிற சரி.

மார்ச் 7

தண்ணீர் ஒரு சொட்டு விட்டேன். எழுத்து கரைந்து ஓடியது. அட்டையில் எழுதினேன்: "கடிதத்துக்கு நல்லது. பத்திரத்துக்கும் கையெழுத்துக்கும் வேண்டாம்." பச்சை கேட்டு வருகிற எல்லோரிடமும் இதைக் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிப்பேன்.

மார்ச் 11

வக்கீல் அம்மா பிரிவு ஒப்பந்தத்தைக் கடைக்கே அனுப்பியிருந்தார். ஏழு பக்கம். ஏழிலும் வீட்டுக்காரர் முதலிலேயே நீல பால்பாயிண்டில் கையெழுத்துப் போட்டிருந்தார். எப்போதும்போல் அழுத்தி எழுதியிருந்தார், தாளின் முதுகைத் தடவினால் தெரிந்தது. அதற்குள் ஒருவர் நிப்பு மாற்ற வந்தார். மாற்றிக் கொடுத்துவிட்டு, ஏழிலும் கையெழுத்துப் போட்டு உறையை ஒட்டினேன். நல்ல தாள். மை பரவவே இல்லை.

மார்ச் 12

ஒன்றுமில்லை.

மார்ச் 14

வக்கீல் அம்மாவின் போன். "என்னம்மா, பச்சையில போட்டு அனுப்பியிருக்கீங்க? பதிவு ஆபீஸ்ல எடுக்கமாட்டாங்க. கறுப்பு, இல்லன்னா நீலம். பேனாக் கடையில இருந்துக்கிட்டு உங்களுக்கு இது தெரியாதா?"

தெரியும். ஊருக்கெல்லாம் சொல்பவளே நான்தான். சோதனைக்காகக் கையில் வைத்திருந்த பேனாவிலேயே போட்டுத் தொலைத்திருக்கிறேன். இனி புதிதாக அச்செடுத்து இருவரும் திரும்பப் போடவேண்டுமாம். முதலாளியிடம் சொன்னேன். சிரிக்க வாயைத் திறந்தவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு இருமிச் சமாளித்தார்.

மார்ச் 15

அவர் கூப்பிட்டார். பெட்டியோடு போன பிறகு முதல் தடவை.

"வேணும்னே பண்ணினியா?"

"இல்லங்க. மறந்துட்டேன்."

"நீயா? மையிலயா?" என்றார். அவர் லிஃப்ட் ரிப்பேர் பார்ப்பவர். பின்னால் ஏதோ லிஃப்டின் கதவு திறந்து திறந்து மூடியது. "சரி, வை."

கோபமா, கேலியா? அவர் குரலை வைத்துக் கண்டுபிடிக்கிற பழக்கம் விட்டுப்போச்சு. வேணும்னே பண்ணினேனா? தெரியல. சத்தியமா தெரியல. எனக்கே தெரியலன்னா இதை யார்கிட்டப் போய்க் கேக்கறது?

மார்ச் 18

பச்சை நான்கு பாட்டில் விற்றது. ஒருவர் அட்டையில் என் கையெழுத்து அழகாக இருக்கிறது என்றார்.

மார்ச் 21, வெள்ளி

வக்கீல் அம்மா அறை. இன்னொரு தடவை மானம் போகவேண்டாம் என்று கறுப்பு நிரப்பிய பேனாவை நானே கொண்டுபோனேன். ஏழு பக்கமும் போட்டு முடித்தபோது அவர் வந்தார். சட்டைக் கையில் கிரீஸ். வக்கீல் அம்மா முத்திரை எடுக்கப் பக்கத்து அறைக்குப் போனார்.

அவர் உட்காரவில்லை. "அன்னைக்கு நான் கோபத்துல கேக்கல. ஆமான்னு சொல்லமாட்டியான்னுதான் கேட்டேன். சொல்லியிருந்தா அப்பவே பெட்டியைத் தூக்கிட்டு நம்ம வீட்டுக்கு வந்திருப்பேன்."

நான் ஏதாவது சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை. அவர் காத்திருந்தார், நிஜமாகவே நின்று காத்திருந்தார். பிறகு என் பேனாவையே வாங்கிப் போட்டார். திருப்பிக் கொடுக்கும்போது "நல்லா எழுதுது" என்றார்.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் அழுதேன். அவர் வேணும். எனக்கு அவர் வேணும். அவ்வளவு நேரம் குடுத்தாரே, பாவி நான் என்ன பண்ணிக்கிட்டிருந்தேன்? மை காஞ்சுதான்னு தாளைப் பாத்துக்கிட்டிருந்தேன்.

மார்ச் 25

பதிவாகிவிட்டதாம். நகலை வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். இன்றும் கடைக்குப் போகவில்லை. முதலாளி ஏன் என்று கேட்கவில்லை.