நீங்கள் கொண்டு வந்த கறுப்பு முகம்

உங்கள் அலுமாரியைத் திறந்தால் இன்னும் அந்த எண்ணெய் வாசம்தான் முதலில் வருகிறது. கறுப்பு மரத்தில் செதுக்கிய முகமூடியை உங்கள் பழைய சாரத்தில் சுற்றி வைத்திருக்கிறேன். இன்று எடுத்துத் துடைத்தேன். உங்களோடு கதைக்க வேண்டும் போலிருந்தது. கோபமாகத்தான்.

எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு ஒருமுறை கப்பல் வேலையிலிருந்து விடுமுறையில் வந்த நீங்கள் பெட்டியைத் திறந்து முதலில் எடுத்தது இதைத்தான். "இதென்னப்பா, பேய் முகம் மாதிரி?" என்றேன். நீங்கள் சிரிக்கவில்லை. சியரா லியோனில் மெண்டே மக்களுடையது என்றீர்கள். பெரிய பிள்ளையானவர்கள் காட்டுக்குள் தங்கி, மூத்த பெண்களிடம் வாழ்க்கைக் காரியங்களைப் பழகி ஊருக்குத் திரும்பும்போது, ஒருத்தி இதை அணிந்து ஆடுவாளாம்.

"அந்தப் பக்கத்திலை முகமூடி போடுறது கூடுதலா ஆம்பிளையள்தான். இது பொம்பிளையள் போடுறது. ஆடின முகத்தை வெளியாளுக்குக் குடுக்கமாட்டினம். இது ஆடாதது. செதுக்கின ஆளிட்டையே வாங்கினனான்."

பிறகு விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டினீர்கள். அகன்ற நெற்றி அறிவுக்கு. தாழ்ந்த கண் தன்னைத் தானே பார்ப்பதற்கு. சின்ன வாய் வம்பு கதைக்காமலிருப்பதற்கு. கழுத்து மடிப்புகள், இந்த முகத்துக்குரிய தெய்வம் தண்ணீருக்குள்ளிருந்து எழும்பும்போது சுற்றிப் பரவும் அலைகள்.

"அந்தச் சடங்கிலை பிள்ளையளுக்கு நோகச் செய்யிறதும் இருக்கு. அதை நான் சரியெண்டு சொல்லேல்லை. ஆனா வயசுக்கு வந்த பிள்ளைக்கு அறிவு வரவேணுமெண்டு சொல்லுற முகம் எங்களிட்டை இருக்கோ?"

அந்த விடுமுறையில்தான் பெரிய பிள்ளையான உங்கள் அக்காவின் மகளுக்குச் சாமத்திய வீடு. நீங்கள் தாய்மாமன். தங்கச் சங்கிலி வைத்த தட்டில் இதையும் வைத்து மண்டபத்துக்குக் கொண்டு போனீர்கள். நான் வேண்டாமென்றேன். "பிள்ளைக்கு விளங்கும்" என்றீர்கள். அக்கா எல்லார் முன்னாலும் கத்தினார்.

"நல்ல நாளிலை பேயைக் கொண்டு வந்து வைக்கிறியோ? கப்பலிலை போய் உனக்குப் புத்தி கெட்டுப் போச்சோ?"

அவருடைய கணவர் முகமூடியைத் தூக்கிக்கொண்டு போய் வாசலில், செருப்புகளுக்கு நடுவில் வைத்தார். நீங்கள் குனிந்து எடுத்தீர்கள். தாய்மாமன் உடைக்க வேண்டிய தேங்காயை உடைக்க வேறு யாரையோ கூப்பிட்டார்கள்.

அடுத்த மாதம் பிள்ளைக்கு டெங்கு. நகரமெல்லாம் நுளம்பு, ஆனால் பழி முகமூடிக்கு. பிள்ளை சுகமான பிறகும் அக்கா எங்கள் படி ஏறவில்லை. அந்தப் பிள்ளையின் கல்யாணத்துக்கும் எங்களுக்குச் சொல்லவில்லை. அன்று நீங்கள் முகம் வழித்து, வேட்டி உடுத்து, யாராவது கூப்பிட வருவார்களென்று மத்தியானம் வரை முன்னறைக் கதிரையில் இருந்தீர்கள். உங்கள் செத்த வீட்டில் எல்லாரையும் விடச் சத்தமாக அழுதவர் அந்த அக்காதான்.

போன கிழமை வந்தார். அவருடைய மகன் உப்புவெளிக் கடற்கரையில் விடுதி கட்டியிருக்கிறான்.

"அந்த ஆபிரிக்க முகம் சும்மாதானே கிடக்கு? விடுதி முன்சுவரிலை மாட்டினா வடிவாயிருக்கும். வெள்ளைக்காரருக்கு உதுகள் நல்ல விருப்பம்."

"அது பேய் முகமெல்லோ மச்சாள்?"

"அது அப்ப. இப்ப ஆர் உதுகளை நம்புகினம்?"

"தர ஏலாது" என்றேன். வைத்த தேத்தண்ணியைத் தொடாமல் போய்விட்டார்.

நீங்கள் கடைசி வரை அவர்களுக்கு ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லவில்லை. அது உங்கள் பெருந்தன்மை என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நீங்கள் விழுங்கியதெல்லாம் இப்போது என் நெஞ்சில் கிடக்கிறது. யாராவது சாமத்திய வீட்டுக்குச் சொல்ல வந்தால் முழங்கால் நோகுது என்கிறேன். என் முழங்காலுக்கு ஒன்றுமில்லை.