நடுவில் ஒரே மைக்

காஸ்டெல்சார்தோ, தவக்காலம்

என் வீட்டுக்காரிக்கு,

இது என் கையெழுத்தேதான்! எழுதிக் கொடுக்க நீ இல்லாததால் பாதிரியாரிடம் கற்றுக்கொண்டேன்.

புனித வாரத்துக்கு உன்னை வீட்டுக்கு அனுப்ப முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் நானும் கவீனோவும் மற்ற இருவரும் சேர்ந்து பாடும் பாட்டை அவன் வீட்டுக் கம்ப்யூட்டரில் பதிந்து ஆஸ்பத்திரிக்கு அனுப்ப நினைத்தோம்.

"நாலு பேருக்கு நாலு மைக் வெச்சாதான் சுத்தமா வரும், பெரியவரே" என்றான் கடைக்காரன். வாங்கி, தள்ளித் தள்ளி நின்று பாடினோம். நான்கு குரலும் சுத்தமாக வந்தன. ஆனால் நான்கும் கலக்கும்போது மேலே ஐந்தாவதாக ஒன்று எழுமே, மாதாவின் குரல் என்போமே, அது வரவில்லை.

"அவளுக்கு அஞ்சாவது மைக் வாங்கலியேடா, கஞ்சப் பயலே!" என்றான் கவீனோ.

மூன்றைத் திருப்பிக் கொடுத்தோம். ஒன்றை நடுவில் வைத்து, கோயிலில் போலத் தோளோடு தோள் உரசி நின்று பாடினோம். திரும்பப் போட்டபோது, யாருமே பாடாத அந்த ஐந்தாவது குரல் கம்ப்யூட்டருக்குள்ளிருந்து எழுந்தது. கவீனோ தொப்பியைக் கழற்றிவிட்டான்.

புனித வாரத் திங்கட்கிழமை நாங்கள் தெருவில் பாடும் நேரத்தில் நர்ஸிடம் சொல்லி இதைப் போட்டுக் கேள். மாதாவால் இரண்டு இடத்திலும் இருக்க முடியும். என்னால்தான் முடியவில்லை.

உன் கிழவன்